“கட்டிய பணம் திரும்பாது” என்று எழுதி வாங்கிக்கொண்ட ஜிம்மிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி இதுதான். கோவையில் ஒரு பெண் ஓராண்டுக்கு 24,000 ரூபாய் கட்டி ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். காலை 10 மணி முதல் 12 வரை பெண்களுக்கு மட்டும், பெண் ட்ரெய்னர் உண்டு என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் அந்த ட்ரெய்னர் வேலையை விட்டுப் போய்விட்டார். பெண்களுக்கான நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். மீதிப் பணத்தைக் கேட்டால் படிவத்தை நீட்டி, “எந்தக் காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்கிறார்கள். சட்டப்படி ஏதாவது வழி உண்டா?

உண்டு. உங்கள் நிலைமை பலவீனமானதும் அல்ல. நுகர்வோர் வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். ஜிம் விஷயமாக என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் “கையெழுத்துப் போட்டுட்டேனே சார்” என்று, தாங்களே தப்புச் செய்ததுபோலத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சமீபத்தில் ஓர் இளைஞர் தன் படிவத்தைக் கொண்டுவந்தார். ஒற்றைத் தாள். முன்பக்கம் போட்டோ, உயரம், எடை, ரத்த வகை, ‘எடை குறைக்க / எடை கூட்ட’ என்று டிக் அடிக்க இரண்டு கட்டம், கீழே கையெழுத்து. பின்பக்கம் வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் 22 நிபந்தனைகள். “பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “பின்பக்கம் இருப்பதே இப்போதுதான் தெரியும்” என்றார்.

இப்படிப்பட்ட தாளை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது? பயனியர் அர்பன் லேண்ட் எதிர் கோவிந்தன் ராகவன் வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஃபிளாட் வாங்கியவரின் வழக்கு. கட்டுமான நிறுவனமே எழுதிவைத்த ஒப்பந்தத்தில், புள்ளிக் கோட்டில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு வழியில்லை என்றால், அந்த நிபந்தனை அவரை முடிவாகக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்படி ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைச் சேர்ப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்றும் சொன்னது. ஃபிளாட்டுக்குச் சொன்ன அந்த நியாயம் ஜிம்மின் படிவத்துக்கும் அப்படியே பொருந்தும். ரிசப்ஷனில் உட்கார்ந்து “ஏழாவது நிபந்தனையை மட்டும் அடித்துவிடுங்கள், சேருகிறேன்” என்று பேரம் பேசிச் சேர்ந்தவர் யாராவது உண்டா?

அடுத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1986 சட்டத்தில் இல்லாத ஒரு சொல் இதில் சேர்ந்தது: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’. பிரிவு 2(46) அதை விளக்குகிறது. நுகர்வோர் மீறினால் உண்டாகும் நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை, நுகர்வோரின் சம்மதம் இல்லாமல் அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது, நியாயமற்ற கட்டணமோ கட்டுப்பாடோ சுமத்துவது ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஜிம் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் அகப்படும். ‘நிர்வாகம் நேரத்தையும் வசதிகளையும் முன்னறிவிப்பின்றி மாற்றலாம்’, ‘உறுப்பினர் விலகினால் முழுத் தொகையும் பறிமுதல்’, இந்த மாதிரி. ஜிம் கைமாறியதும் புதிய முதலாளி “அதெல்லாம் பழைய ஓனர் வாங்கிய பணம்” என்று கையை விரிப்பதும் இதோடு சேர்ந்தது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போய்ப் பலர் அலைகிறார்கள். நுகர்வோர் புகார்களை விசாரிக்க மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மூன்று நிலைகளில் ஆணையங்கள் உண்டு. ஓர் ஒப்பந்தம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று புகார் தரும் இடமாகச் சட்டம் மாவட்ட ஆணையத்தைச் சொல்லவில்லை. மாநில ஆணையத்தையும் தேசிய ஆணையத்தையும்தான் சொல்கிறது. ஒரு நிபந்தனை செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும், பிரிவு 49(2)இன்படி, மாநில ஆணையத்துக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது சென்னையில். மதுரையில் ஒரு கிளை அமர்வு உண்டு. 24,000 ரூபாய்க்காக ஒருவர் கோவையிலிருந்து சென்னைக்கு நடையாய் நடப்பது நடக்கிற காரியமா?

அதனால் என் யோசனை: புகாரில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வாதத்தை மையமாக வைக்காதீர்கள். ‘இந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க வேண்டும்’ என்றும் கேட்காதீர்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் மேல் புகாரைக் கட்டுங்கள். இந்த இரண்டையும் விசாரிக்க மாவட்ட ஆணையத்துக்கு முழு அதிகாரம் உண்டு. சொன்ன சேவையைத் தரவில்லை என்பது குறைபாடு. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதியிருக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறை. படிவத்தின் நிபந்தனையை எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும்போது, பதிலாக மேலே சொன்ன 2019 தீர்ப்பைக் காட்டுங்கள். கேடயமாக அது போதும்.

உங்கள் விஷயத்தில் ஜிம்தான் வாக்குத் தவறியது. அதனால் கணக்கு எளிது: மாதம் 2,000, பயன்படுத்தியது மூன்று மாதம், மீதி 18,000. ஜிம் தரப்பு இங்கே ஒரு கணக்குச் சொல்லும். “வருடச் சந்தா என்பதால் சலுகை விலை. மாதக் கட்டணம் 3,500. மூன்று மாதத்துக்கு 10,500 கழித்து, அட்மிஷன் ஃபீஸும் கழித்தால் கொஞ்சம்தான் வரும்” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களாக மனம் மாறி வெளியேறியிருந்தால் அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கும். வெளியேறும் நிலையை உண்டாக்கியது அவர்கள் என்கிறபோது, நீங்கள் கட்டிய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும்.

தவறு ஜிம்முடையது இல்லை, உங்கள் நிலைமை மாறிவிட்டது என்றால்? வேலை மாற்றல், கர்ப்பம், முதுகுத் தண்டில் பிரச்சினை வந்து டாக்டர் எடை தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது போன்றவை. இங்கே ஒப்பந்தச் சட்டம், 1872 உதவும். அதன் பிரிவு 74: ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும், மீறலுக்கு நியாயமான ஈட்டுத்தொகை மட்டும்தான் கேட்க முடியும். கட்டிய பணத்தைப் பறிமுதல் செய்வதற்கும் இதே விதி பொருந்தும் என்று ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963இலேயே சொல்லிவிட்டது. சரி, ஓர் உறுப்பினர் வராமல் போனால் ஜிம்முக்கு என்ன நஷ்டம்? ஒரு ட்ரெட்மில்லை உங்கள் பெயரில் பூட்டி வைத்திருந்தார்களா? உங்களைச் சேர்த்ததால் வேறு யாரையாவது திருப்பி அனுப்பினார்களா? இல்லை என்றால், ஒன்பது மாதப் பணத்தை வைத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன காரணம்? மாற்றல் உத்தரவையோ மருத்துவச் சான்றையோ வைத்து எழுத்தில் கேளுங்கள். சந்தாவை ‘ஃப்ரீஸ்’ செய்கிறோம், வேறு கிளைக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னால், அது உங்களுக்கு உண்மையில் பயன்படுமானால் ஏற்றுக்கொள்வதில் தப்பில்லை. முழுத் தொகையும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதி தரச் சொல்வதே பெரும்பாலும் நடக்கக்கூடியது.

வெறுமனே போகவில்லை, ஆர்வம் விட்டுப்போனது என்றால் வழக்கு கஷ்டம்தான். அதை மறைத்து நம்பிக்கை கொடுப்பது சரியல்ல. ஆனாலும் இது தொடர்பாக இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2011இல் சொன்ன ஒரு தீர்ப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆஷ்பர்ன் என்ற நிறுவனம் ஜிம்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தந்து சந்தா வசூலிக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதன் மேல் அந்நாட்டின் நேர்மையான வர்த்தக அலுவலகம் வழக்குப் போட்டது. ஒரு வருடத்துக்கு மேல் கட்டிப்போடும் அந்த ஒப்பந்தங்களில் பல நியாயமற்றவை என்று தீர்ப்பானது. உறுதியோடு சேருகிறவர்களில் பலர் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சேருகிறவரின் அந்த அனுபவமின்மையை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது என்பது நீதிபதி கண்டது. நம் ஆணையங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் இரண்டு, மூன்று வருடச் சந்தாவை ‘இன்று ஒரு நாள் மட்டும் ஆஃபர்’ என்று தலையில் கட்டியிருந்தால், அந்த யோசனையை உங்கள் எழுத்து வாதத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். நம் நாட்டிலேயே கோச்சிங் சென்டர்கள் முழுப் படிப்புக்கும் முன்கூட்டியே வாங்கிய கட்டணத்தைப் பாதியில் விலகிய மாணவருக்குத் திருப்பித் தரச் சொன்ன உத்தரவுகள் பல உண்டு. முன்பணச் சந்தா வழக்குக்கு இவை நெருங்கிய உறவு.

கொஞ்ச நாளாக நான் அதிகம் பார்ப்பது ஈஎம்ஐ பிரச்சினை. “மாதா மாதம் கட்டினால் போதும், வட்டியே இல்லை” என்று சொல்லி, ரிசப்ஷனிலேயே உங்கள் போனை வாங்கி ஓடிபி கேட்பார்கள். அந்த இடத்திலேயே ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் பிறந்துவிடும். ஜிம்முக்கு மொத்தப் பணமும் போய்ச் சேர்ந்துவிடும். ஜிம் மூடினாலும் தவணை நிற்காது. கோபத்தில் வங்கிக் கணக்கைக் காலி செய்து வைத்துவிடாதீர்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும், தவணை திரும்பியதற்கான பவுன்ஸ் கட்டணமும் ஏறும். இது டிஜிட்டல் கடன் என்றால், தொடக்கத்தில் அபராதம் இல்லாமல் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் செலுத்தி வெளியேற ஒரு குறுகிய அவகாசம், குறைந்தது ஒரு நாள், தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது தாண்டிவிட்டால் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது அந்த நிறுவனத்தையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து, வழக்கு முடியும்வரை தவணை வசூலை நிறுத்திவைக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், ‘சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திரும்ப வரவு வைக்கும்படி, கேட்கலாம். அதற்குக் காலக்கெடு குறைவு, தள்ளிப் போடாதீர்கள்.

ஆப் மூலம் சேர்ந்து மாதாமாதம் தானாகப் பணம் போகிறதென்றால் முதல் வேலையாக யூபிஐயிலோ வங்கியிலோ ஆட்டோபே அனுமதியை ரத்து செய்யுங்கள். சேர்வதற்கு ஒரு பட்டன், விலகுவதற்கு ஒன்பது திரை என்று வைத்திருப்பதை ‘சந்தாப் பொறி’ என்றே ஆப்களும் இணையதளங்களும் நுகர்வோரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு எதிராக 2023இல் வந்த ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஜிம்மின் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள். போர்டில் இருப்பது பிராண்டின் பெயர். பணம் வாங்கியது யாரோ ஒரு ஃபிரான்சைஸ்காரராக இருக்கலாம். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர் வந்துவிடும். (பில்லைப் பார்க்கும்போதே வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.) பில்லே தரவில்லை என்றால், அதுவும் முறையற்ற வணிக நடைமுறைதான், யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டில் யார் கணக்குக்குப் பணம் போனது என்று பாருங்கள். ஃபிரான்சைஸ்காரர், பிராண்ட் நிறுவனம் இரண்டு பேரையும் எதிர்தரப்பினராகப் போடுங்கள்.

அப்புறம் ஆதாரம். ‘பெண்களுக்குத் தனி நேரம்’ என்று போட்ட இன்ஸ்டாகிராம் விளம்பரம், சேரும்போது நடந்த வாட்ஸ்அப் உரையாடல், நேரம் மாற்றியதாக வந்த மெசேஜ், சுவரில் ஒட்டிய புதிய அட்டவணையின் போட்டோ. விளம்பரத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பணத்தைக் கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் அவர்கள் கைக்குக் கிடைத்த அன்றே அது காணாமல் போகும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதம் எழுத வக்கீல் அவசியமில்லை. இப்படி எழுதினால் போதும்:

“நான் இந்தத் தேதியில் ரூ. 24,000 செலுத்தி உங்கள் உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு உறுப்பினராகச் சேர்ந்தேன். காலை 10 முதல் 12 வரை பெண்களுக்கு மட்டுமான நேரமும் பெண் பயிற்சியாளரும் உண்டு என்று நீங்கள் விளம்பரத்திலும் நேரிலும் உறுதியளித்ததை நம்பியே சேர்ந்தேன். இந்தத் தேதி முதல் இரண்டையும் நிறுத்திவிட்டீர்கள். இது சேவைக் குறைபாடு. பயன்படுத்தாத ஒன்பது மாதத்துக்கான ரூ. 18,000ஐ இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை கோரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.”

திட்ட வேண்டாம், மிரட்ட வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். 30 நாள் கொடுப்பதற்குக் காரணம் மேலே சொன்ன பிரிவு 2(47)தான். அந்தக் கெடு தாண்டிவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்கு இன்னொரு ஆதாரமாகிவிடும். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் நிறுவனத்துக்கு எழுதிப் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். பெயர் போன பிராண்டுகள் பல நேரம் இங்கேயே இறங்கிவருகின்றன. தெருமுனை ஜிம்முக்கு அது பெரிதாகப் படாது.

பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த கட்டணம் 50 லட்சம்வரை இருக்கும் புகார்களை அது விசாரிக்கும். 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ‘வழக்குகள் மும்பை நீதிமன்றத்துக்கு மட்டும் உட்பட்டவை’ என்று படிவத்தில் இருந்தாலும் பிரிவு 34 தரும் இந்த உரிமை போய்விடாது. ‘தகராறு வந்தால் நடுவர் மன்றம்’ என்ற நிபந்தனையும் தடையில்லை; எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் 2018இல் அது தீர்ந்துபோன விஷயம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம், காணொளி வழியாக விசாரணைக்கு வரவும் அனுமதி கேட்கலாம். காலக்கெடு இரண்டு வருடம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், அதிகபட்சம் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. சின்ன ஜிம்கள் வராமலே இருந்துவிடுவதும் உண்டு, அப்போது ஒருதலையாகவே விசாரித்து உத்தரவு போடுவார்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும், ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். மீதித் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு ஓர் இழப்பீடு, வழக்குச் செலவு, இவ்வளவுதான் கேட்க வேண்டும். 18,000 ரூபாய் விஷயத்துக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டுப் போடுகிற புகார், படிக்கிறவரின் நம்பிக்கையை முதல் பக்கத்திலேயே இழந்துவிடும்.

உத்தரவு வந்தும் பணம் தரவில்லை என்றால் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்குப் பிரிவு 72இன்படி ஒரு மாதம் முதல் மூன்று வருடம்வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அவர்கள் மேல்முறையீடு போவதானால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும்.

ஜிம்மே ராத்திரியோடு ராத்திரியாக மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். மோசடி என்று நிற்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். கடையைக் காலி செய்யும் வாரத்திலும் வருடச் சந்தா வாங்கியிருந்தால் அது தெரியும். தனியாகப் போகாதீர்கள். பழைய உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் போட்டால் பத்துப் பேராவது சேருவார்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு எல்லோர் சார்பாகவும் ஒரே புகார் போடப் பிரிவு 35(1)(சி) இடம் தருகிறது.

உங்கள் ஜிம்மிலும் காலை 10 முதல் 12 வரையிலான அந்த நேரத்தில் வந்துகொண்டிருந்த மற்ற பெண்கள் இருப்பார்களே, அவர்களிடம் இந்த வாரமே பேசுங்கள். அவர்களில் இரண்டு பேர் “ஆமாம், எங்களிடமும் இதையே சொல்லித்தான் சேர்த்தார்கள்” என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், வாய்வார்த்தையாகச் சொன்னதை ஜிம் மறுக்கவே முடியாது.